டிரைவர் அண்ணனின் முழங்கால்

தையல் டேப் அறுபது அங்குலத்தோடு முடிந்துவிடும். டிரைவர் அண்ணனைச் சுவரோரம் நிறுத்தித் தரையிலிருந்து டேப்பைப் பிடித்தபோது, அது அவர் தோளுக்கு வருமுன்பே தீர்ந்துபோனது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஸ்டூலில் ஏறி மீதியை அளந்தேன். மொத்தம் எழுபத்தைந்து. ஆறடி மூன்று அங்குலம். "ஏனுங்ண்ணா, ஊட்டுக்குள்ளயும் குனிஞ்சேதான் நடப்பீங்களா?" என்று கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அளந்துகொண்டிருக்கும்போதே உயரத்தைக் குறைத்துக்காட்டப் பார்க்கிற மனிதரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விட்டேன்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு இருபது வருடமாகப் பேட்டர்ன் மாஸ்டர் வேலை. துணியை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுப்பது நான்தான். டிரைவர் அண்ணன் ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர்க்காரர். எங்கள் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிவரும் வேனைப் பதினொரு வருடம் ஓட்டினார். வேனின் கூரை தாழ்வு என்பதால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே ஓட்டுவார். ஆட்கள் தங்க ஹாஸ்டல் கட்டியதும் வேனை நிறுத்திவிட்டார்கள். அதே சமயத்தில் முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், மூலனூர் பக்கத்துத் தோட்டத்தில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக ஒரு இடம் ஆரம்பித்தார். தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம். மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல்தான். அந்த மணலில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு பக்கி வாங்கினார். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. இரும்புக் குழாயால் ஒரு கூண்டு, நான்கு பருத்த சக்கரம், இரண்டு சீட், பின்னால் எஞ்சின். மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் எங்களில் அண்ணன் ஒருவர்தான். "அண்ணனால உக்கார முடிஞ்சா அண்ணன், இல்லாட்டி வேற டிரைவர் பாத்துக்கலாங்க்கா" என்றார் சின்னவர். அண்ணனுக்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் தடவை உட்கார்ந்தபோது பார்க்கப் பரிதாபமாக இருந்தது. உச்சந்தலை மேல் குழாயில் முட்டியது. முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. நிட்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஃபிட்டர் சீட்டைக் கழற்றி, அடிக்கம்பியை எடுத்துவிட்டுத் தரையோடு சேர்த்து முடுக்கினார். பின்னால் இரண்டு அங்குலம் தள்ளினார். "இதுக்கு மேல நகத்துனா எஞ்சின்ல போய் முட்டுமுங்க்கா" என்று கையை விரித்துவிட்டார். தலை தப்பித்தது. ஆனால் வெறும் ஃபைபர் சீட்டில் மணல் மேட்டில் குதித்தால் முதுகெலும்பு என்னாவது? மெத்தை தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு என் கைமேல் அவ்வளவு திமிர். மூன்று அடுக்கு ஸ்பாஞ்ச், மேலே கறுப்பு ரெக்சின், தொடைக்கு இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி மேடு. பனியன் துணியை உடம்பு அளவைவிடக் குறைத்துத்தான் வெட்டுவோம், போட்டதும் அது இழுத்துக் கொடுத்துவிடும். இருபது வருடப் பழக்கம். இந்த மெத்தையையும் அப்படியே ஒன்றரை அங்குலம் இறுக்கமாக வெட்டினேன். ஸ்பாஞ்ச் அமுங்கும், ரெக்சின் கொடுக்கும் என்று கணக்கு. மேலே ஸ்டியரிங் இரும்பு, அது எங்கே கொடுக்கும்? இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். அந்த மனிதரை நிற்க வைத்து அளவெடுத்தேன். உட்கார்ந்து ஓட்டப்போகிறவருக்குப் பேன்ட் தைக்கிற அளவு!

மெத்தையைப் பொருத்தி அண்ணனை உட்கார வைத்தோம். நான் தள்ளி நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பொருத்தம் சரியா என்று சொல்வது வெளியே நின்று பார்க்கிறவர்கள்தான். மாதிரிக்குத் தைத்த சாம்பிளைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. திரும்பச் சொல்வோம், கையைத் தூக்கச் சொல்வோம், ஓகே என்று எழுதிவிடுவோம். மரியாதைக்கு அண்ணனிடம் கேட்டேன். "தாராளமா இருக்கு தங்கச்சி. மகாராசா மாதிரி இருக்கு" என்றார். அன்று சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் வலது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றார். என்னுங்ண்ணா என்றேன். வயசாகுதில்ல என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தோம். மறுநாள் திறப்பு. "உங்க குஷன் தானுங்க்கா, மொதல் ரவுண்டு நீங்களே போங்க" என்று சின்னவர் என்னைப் பக்கத்து சீட்டில் ஏற்றி பெல்ட்டை மாட்டிவிட்டார். முதல் சுற்று சுகமாகப் போனது. இரண்டாவது சுற்றில் சரிவில் இறங்கினோம். வண்டி வேகம் எடுத்தது. எதிரே கரை வந்துகொண்டிருந்தது, அண்ணன் பிரேக்கை மிதிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக்குக்கு மாற்றுவதற்காக அவர் வலது காலைத் தூக்குகிறார், முழங்கால் ஸ்டியரிங்கின் அடியில் போய் இடிக்கிறது, பாதம் ஆக்சிலேட்டரை விட்டு வரமாட்டேன் என்கிறது. மறுபடி தூக்கினார். மறுபடி இடித்தது. என் மெத்தை தொடையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து மேலே தூக்கி வைத்திருந்தது. அண்ணன் கத்தவில்லை. "தங்கச்சி, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்க" என்று மட்டும் சொல்லி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்கை வெட்டினார். வண்டி கரையில் பாதி ஏறி, அவர் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

நான் மேலே பெல்ட்டில் தொங்கினேன், அவர் கீழே மணலை ஒட்டிக் கிடந்தார். எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. சைலன்சர் சூட்டில் மணல் பொரிந்துகொண்டிருந்தது. "ஏறு தங்கச்சி. என் தோள்ல கால வச்சு ஏறு" என்றார். அவர் தோளை மிதித்துத்தான் வெளியே வந்தேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டும் அவரால் வர முடியவில்லை. கால் ஸ்டியரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவில் இறுகிப்போயிருந்தது. தூரத்தில் சின்னவர் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்துகொண்டிருந்தார். ஃபிட்டர் ஸ்பேனர் எடுக்க எதிர்ப்பக்கம் ஷெட்டை நோக்கி ஓடினார். "நீ தள்ளிப் போ, வண்டி பத்திக்கிரும்" என்றார் அண்ணன். எனக்கு வந்த கோபத்தில் "வாய மூடுங்ண்ணா!" என்று கத்தினேன்.

சாம்பிளிங்கில் ஓகே ஆகும்வரை எதையும் முடித்துத் தைக்கமாட்டோம். மெத்தையின் ஓரத்தையும் தற்காலிகமாகச் செயின் தையல் போட்டுத்தான் மூடியிருந்தேன். முடித்த முனையைப் பிடித்து இழுத்தால் அந்தத் தையல் மொத்தமும் கழன்று வரும். ஆரம்பித்த முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும். கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கி கையை நீட்டி ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன். இறுகியது. பெட்ரோல் வாடையில் கண் எரிந்தது. நான் தைத்ததுதானே, எந்தப் பக்கம் முடித்தேன்? நினைவே வரவில்லை. சாமி, சாமி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறு முனையைத் தடவிப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று ஓரம் முழுவதும் வாயைப் பிளந்தது. ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்தேன். இரண்டாவது அடுக்கும் வந்ததும் தொடை சீட்டுக்குள் இறங்கியது. அண்ணன் காலை உருவிக்கொண்டு என் கையைப் பிடித்து மேலே வந்தார். ஒரு புங்க மரம்வரை ஓடி விழுந்தோம். வண்டி எரியவில்லை. கடவுள் புண்ணியம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மூச்சு திரும்பியதும் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னுங்ண்ணா? வேலைக்குப் பயந்துட்டு உசுரவே உட்டிருப்பீங்களே!" திட்டிக்கொண்டே அழுதேன். அவர் வீங்கிய முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். "வேலைக்கும் பயந்தேன். இல்லேண்டு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல தங்கச்சி. இம்புட்டு வருசமா லாரி, பஸ்ஸு, வேனு எல்லாம் ஓட்டிட்டேன். எல்லாம் எவனுக்கோ செஞ்ச சீட்டு. நாந்தேன் மடங்கி உக்காருவேன். எனக்குண்டு அளவெடுத்து ஒருத்தர் தச்சுக் குடுத்த மொத சீட்டு இதுதேன். நீ பக்கத்துல நின்டு அதத் தடவித் தடவிப் பாக்குற. அதுல போயி எப்புடிக் கொற சொல்ல?" என்றார். எனக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது.

திறப்பு தள்ளிப்போனது. சின்னவர் அப்போதே வேறு டிரைவருக்குப் போன் பண்ணப் போனார். "அளவு தப்பானா சட்டையத்தானுங்க பிரிச்சுத் தைப்போம், ஆள மாத்தற வழக்கம் இல்லீங்க. தப்பு என்னோடதுங்க" என்று குறுக்கே நின்றேன். ஒரு வாரம் கொடுத்தார். இப்போது எங்கள் சாம்பிளிங்கில் யார் எதைப் போட்டுப் பார்த்தாலும் உட்காரச் சொல்கிறேன், குந்தச் சொல்கிறேன், எங்கே பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்வரை விடுவதில்லை. புதிதாக வந்த பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அண்ணன்தான் என்னை மணலில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டினார். பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் அண்ணனைத் தரையில் கால் நீட்டி உட்கார வைத்து, பேட்டர்ன் அட்டையில் ஸ்டியரிங் வெட்டிப் பிடித்து மறுபடி அளந்து, மெத்தையைத் தளர்வாகத் தைத்தேன். ஃபிட்டர் பெடல்களை ஒரு சாண் முன்னால் தள்ளி வெல்டு வைத்தார், ஸ்டியரிங் தண்டைத் தூக்கினார், சீட்டின் முதுகைச் சாய்த்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஏறி உட்கார்ந்து "நல்லாத்தேன் இருக்கு" என்பார். கடைசி நாளும் அதையே சொன்னார். சின்னவர் வாட்சைப் பார்த்தார். ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "நல்லாருக்குங்கறது எனக்கு வேண்டாமுங்ண்ணா. எங்க இடிக்குது, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். "இல்ல தங்கச்சி..." என்றார். நான் நகரவில்லை. அண்ணன் ஃபிட்டரைப் பார்த்தார், சின்னவரைப் பார்த்தார், பிறகு ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"வலது முட்டி... லேசா இடிக்குது தங்கச்சி."

ஃபிட்டர் ஸ்பேனரை மறுபடி வெளியே எடுத்தார்.