நன்றி என்று சொல்லியிருக்கக் கூடாது

பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். பேர் ஹோரியா, க்ளூஜ் நகரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் இது போன அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் எங்களுக்கு நடந்தது. நேரமெல்லாம் என் கைப்பேசிப் படங்களில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

என் மனைவி மிருனாவுக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் "இனிப் பயமில்லை" என்றதும், ஊரும் சுற்றலாம், குழந்தைக்கும் ஏதாவது வாங்கலாம் என்று பழைய கோட்டை நகரமான சிபியுவுக்குக் கிளம்பினோம்.

"பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாதுன்னு உங்கம்மா சொன்னாங்களே?" என்றாள் மிருனா.

"அவங்க பேச்சைக் கேட்டிருந்தா உன்னையே கட்டியிருக்க மாட்டேன்."

காலை 10:40. கம்பளித் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு பேராலய வாசலைக் கடந்தோம். கறுப்பு முக்காடு போட்ட பெண் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், மிருனாவின் வயிற்றைப் பார்த்தாள். நேராக வந்து ஒரு பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி நீலக் காலணி, நாலு வயதுப் பையன் போடுகிற அளவு. கூடவே ஒரு வட்ட ரொட்டி, ஒரு மெழுகுவர்த்தி.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் பேரில் இப்படித்தான் தானம் கொடுப்போம். வாங்குகிறவர் நன்றி சொல்லவே கூடாது. "போக்தாப்ரோஸ்தே" என்று சொல்ல வேண்டும். இறந்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று அர்த்தம். அப்போதுதான் பொருள் அந்த உலகத்துக்குப் போகும். நன்றி சொன்னால் இங்கேயே தங்கிவிடும். உரியவர் அதைத் தேடி வருவார் என்பார்கள்.

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு மிருனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரொம்ப நன்றிங்க! எங்க குழந்தை வளர்ந்ததும் போட்டுக்கும்!"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு சுற்றுலாக் கூட்டம் நடுவே புகுந்தது. கூட்டம் நகர்ந்தபோது அவள் இல்லை.

"மிரு, என்ன சொன்னே தெரியுமா?"

"ஐயோ… வாய் தவறிடுச்சு. விடு, நீதான் இதையெல்லாம் நம்ப மாட்டியே!"

நம்ப மாட்டேன்தான். விட்டுவிட்டேன்.

12:05. ஊரை ஏறிப் பார்க்கிற பழைய கோபுரத்தில் டிக்கெட் கொடுத்தவர், "பெரியவங்க ரெண்டு. குட்டிக்குக் காசு வேண்டாம்" என்றார். மிருனா வயிற்றைத் தடவிச் சிரித்தாள். ஆனால் அவர் பார்த்தது வயிற்றை அல்ல. அவள் முழங்கால் பக்கம்.

1:30. உணவகத்தில் மூன்று கிண்ணம் சூப் வந்தது. ஒன்று சின்னது.

"எங்களுக்கு இன்னும் பொறக்கலை," என்றேன்.

"இல்ல சார், தம்பிக்கு…" பரிமாறுகிறவன் காலி நாற்காலியைப் பார்த்தான். சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனான்.

3:10. இரும்புப் பாலம். ஒரு அம்மாள் எங்களைப் படமெடுத்துக் கொடுத்தார்.

"பையனை இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்க."

படத்தில் நாங்கள் இருவர்தான். மிருனாவின் இடது கை மட்டும்… எதையோ பிடித்திருப்பது போல் மடங்கியிருந்தது.

"ஹோரியா."

"என்ன?"

"என் கையைப் பிடிச்சிருக்கு. ஜில்லுனு. விட மாட்டேங்குது."

"எது?"

"காலையிலேர்ந்து… நம்ம குழந்தை அசையவே இல்ல."

நான் காரை நோக்கித் திரும்பினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"முதல்ல கோயிலுக்கு."

நடந்தோம். பின்னால் தக்… தக்… தக்… சின்னக் கால்கள். நின்றால் நின்றது.

4:20. பேராலய வாசலில் இரண்டு மெழுகுவர்த்தித் தட்டு. ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, ஒன்று இறந்தவர்களுக்கு. அந்தப் பெண் அங்கே இல்லை. இறந்தவர்கள் தட்டின் கீழ் மிருனா காலணியை வைத்தாள். "போக்தாப்ரோஸ்தே" என்றாள்.

அவள் கையைப் பிடித்த பிடி விடவில்லை.

மெழுகுவர்த்தி விற்கிறவள் கேட்டாள். "யார் பேருக்கும்மா? பேர் சொன்னாத்தான் போய்ச் சேரும்."

எங்களுக்கு எப்படித் தெரியும்?

மிருனா கண்ணை மூடினாள்.

"தோமா."

எங்கள் பிள்ளைக்கென்று ஒன்பது வருஷமாக வைத்திருந்த பேர். நான் தடுக்கவில்லை.

4:25.

அவள் விரல்கள் மெல்லப் பிரிந்தன.

தக்… தக்… விலகிப் போனது.

வயிற்றில் ஓர் உதை. இருவரும் வாசலிலேயே நின்று அழுதோம்.

ஜனவரியில் மகன் நல்லபடியாகப் பிறந்தான். வேறு பேர் வைத்தோம்.

போன மாதம் நான் மட்டும் சிபியுவுக்குப் போனேன். அதே வாசலில் அந்தக் கறுப்பு முக்காட்டுப் பெண் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பையன் எப்போது இறந்தான் என்றும் கேட்டேன்.

"பொறக்கும்போதே மூச்சில்லீங்க. அஞ்சு வருஷம் ஆகப் போகுது. பேர்கூட வைக்கலை. வருஷா வருஷம் ஒரு அளவு பெருசா காலணி வாங்கிக் கொடுக்கறேன். வளர்ந்திருப்பான் இல்ல?"

 அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போன அக்டோபர்லேர்ந்து தினமும் சாயங்காலம் நாலரைக்கு ஒரு குழந்தை எங்க வீட்டுக் கதவைத் தட்டுது. 'தோமா வந்திருக்கேன்'னு சொல்லுது. யாருன்னே தெரியலீங்க. பயமா இருக்கு. நான் திறக்கறதே இல்ல."