சர்ச் அடுப்பில் காய்ந்த தோட்டாக் கூடுகள்

எல்வின் பிரெக்கெ குறி தப்பாமல் சுட்டதாக வில்லோ பெண்ட் ஊரில் யாரும் சொன்னதில்லை. துப்பாக்கி சுடும் போட்டிக்காக மலைச்சரிவில் இரும்புத் தகட்டை எருமை வடிவத்தில் வெட்டி நிறுத்தியிருப்பார்கள். பட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். எல்வின் சுட்டால் புழுதிதான் கிளம்பும். ஆனால் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, மறுபடி மருந்து அடைப்பதற்காகக் கழுவித் துலக்குவதில் கிழக்கு மொன்டானா முழுக்கச் சலித்தாலும் அவருக்கு ஈடு கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எல்வின் அந்த ரகமில்லை. காற்றின் மேல் பழி போடமாட்டார். சுடுவார், தப்பும், உடனே சூடான கூட்டை உருவிப் பக்கத்திலிருக்கும் சோப்புத் தண்ணீர் ஜாடிக்குள் போடுவார். அது ‘சொய்ங்’ என்னும்போது முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், எருமையை அடித்தவனுக்குக்கூட வராது.

கருமருந்து என்னும் பழங்கால வெடிமருந்து வைத்துச் சுடுகிறவர்களுக்கு இந்த ஜாடி இல்லாமல் முடியாது. அந்த மருந்தின் கரியை அன்றைக்கே கழுவாவிட்டால் பித்தளையை அரித்துத் தின்றுவிடும். கழுவினாலோ, தண்ணீர் கன்னங்கரேலென்று மாறி அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். எல்வின் வீட்டுச் சண்டையெல்லாம் அந்த நாற்றத்தில் பிறந்தவைதான்.

அவர் மனைவி ஆர்டிஸ் பொறுமைசாலி. அவளுடைய நல்ல கோப்பைகளோடு சேர்த்துக் கூடுகளையும் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டார், பொறுத்தாள். ஆப்பிள் பை சுடும் அடுப்பில் காயவைத்தார், அதையும் பொறுத்தாள். போன வசந்தத்தில் அவளுடைய அக்கா வந்திருந்தபோது காபி வடிகட்டியில் ஒரு கூடு கிடந்தது. அன்றைக்குத்தான் தீர்ப்பு வந்தது.

“இனிமே என் கிச்சன்ல ஒரு தோட்டாக் கூட்டைப் பார்த்தேன்னா, துப்பாக்கியை வித்துடுவேன் எல்வின். ஒரு தடவைதான் சொல்லுவேன்.”

ஆர்டிஸ் சொன்னால் சொன்னதுதான். முன்பு படகைப் பற்றியும் ஒரு தடவைதான் சொன்னாள். அந்தப் படகு இப்போது பக்கத்து ஊர் ஏரியில் வேறொருவரோடு மிதக்கிறது. அன்றிலிருந்து எல்வின் வாசல் குழாயடியில் கழுவினார், கொட்டகையில் உலர்த்தினார், நல்ல பிள்ளையாக இருந்தார்.

நவம்பரில் வருஷத்தின் கடைசிப் போட்டி வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து. காய்ந்த மீனைச் சாம்பல்காரத் தண்ணீரில் ஊறவைத்து, கொழகொழவென்று வேகவைத்து, உருக்கின வெண்ணெய் ஊற்றித் தின்னும் அந்த லூட்டஃபிஸ்க்குக்காக நார்வே வம்சத்தார் எங்கெங்கிருந்தோ வருவார்கள். சர்ச் சமையலறைக்குத் தலைவி ஆர்டிஸ்.

போட்டியில் எல்வின் வழக்கம்போல் புழுதி கிளப்பினார். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய நண்பர் மைலோ ஹ்ருஷ்கா வந்தார்.

“டேய் எல்வின், எருமை உன்னைப் பார்த்துக் கும்பிடுதுடா. நீ ஒருத்தன்தான் அதைத் தொந்தரவு பண்ணலையாம்.”

“போடா. கூட்டைப் பாரு, யாருது பளபளன்னு இருக்குன்னு.”

“அந்த ஜாடித் தண்ணியில கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாரு. தங்கமா ஆகும். ஆனா சீக்கிரம் அலசி எடுத்துடணும். விட்டேன்னா பித்தளை செத்து, செவந்து, பன்னிக்குட்டி மாதிரி ஆயிடும்.”

புளியில்லாத ஊரில் வினிகர்தான் புளி. எல்வின் கொஞ்சம் என்ன, தாராளமாகவே ஊற்றினார். வீட்டுக்கு வந்து வாசல் குழாயைத் திருகினால் தண்ணீருக்குப் பதில் ஒரு முனகல் வந்தது. குழாய் உறைந்துவிட்டது. கொட்டகை அதைவிடக் குளிர். ஜாடிக்குள் கூடுகள் செத்துக்கொண்டிருந்தன. உள்ளே போனால் துப்பாக்கி போய்விடும், வெளியே நின்றால் பித்தளை போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவருக்கு, சர்ச் ஹீட்டரைப் பழுதுபார்க்கிறவர் என்ற முறையில் தம் சட்டைப்பையில் சர்ச் சாவி இருப்பது நினைவுக்கு வந்தது.

‘என் கிச்சன்’ என்றுதானே சொன்னாள்? இது அவள் கிச்சன் இல்லையே. நூலிழை நியாயம்தான், அவருக்கே தெரியும். ஆனாலும் போனார்.

நிலவறைச் சமையலறையில் மீன் பெரிய தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தில் அழுகின முட்டை எம்மாத்திரம்! எல்வினுக்குக் கடவுளே வழிகாட்டியது போலிருந்தது. வெந்நீரில் அலசினார், குட்டி பிரஷ்ஷால் உள்ளே குடைந்தார், ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் அடி ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். பிறகு ட்ரேயில் அடுக்கி, அடுப்பை இளஞ்சூட்டில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டியடித்தார். அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அத்தனையையும் சாக்குப் பைக்குள் கவிழ்த்து, பையைக் கோட்டுக்குள் திணிப்பதற்கும் ஆர்டிஸ் கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

“நீ இங்க என்ன பண்ற?”

“ஹீட்டர்... ஹீட்டர் பார்க்க வந்தேன்.”

“ஹீட்டர் அந்த ரூம்ல இருக்கு. இது என்ன நாத்தம்?”

“மீனுதான். வேற என்ன?”

ஆர்டிஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி, வீட்டுக்குப் போ. நான் தண்ணி மாத்திட்டு வரேன்” என்றாள்.

கொட்டகையில் கூடுகளைப் பெட்டியின் குழிகளில் நிறுத்தி முடித்து எண்ணிப் பார்த்தார். ஒரு குழி காலியாக இருந்தது. பையை உதறினார், கோட்டை உதறினார், ஷூவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். கூட்டைக் காணோம். சர்ச் சமையலறையில்தான் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் விருந்தில் எல்வின் பட்ட பாடு நாய் படாது. எல்லாருக்கும் முந்தி வந்து உருளைக்கிழங்கு மசித்தார். மசித்தார் என்ன, சல்லடை போட்டுத் தேடினார். இறைச்சி உருண்டை ஒவ்வொன்றையும் கரண்டியால் அழுத்திப் பார்த்தார். காபி அண்டாவுக்குள் தலையை விட்டார். மேசைக்கடியில் தவழ்ந்தார். துப்பாக்கி போவது ஒருபுறம் இருக்கட்டும், ஊரில் பாதிப் பேருக்குக் கட்டின பல். யார் எதைக் கடித்து வைப்பார்களோ என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாஸ்டர் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தொட்டார். “எல்வின், இத்தனை வருஷமா சாப்பிட மட்டும்தான் வருவீங்க. இன்னைக்கு இப்படி ஊழியம் பண்றீங்களே!”

“ஏதோ... உள்ள இருந்து ஒரு உந்துதல் பாஸ்டர்.”

அந்நேரம் மைலோ “ஆ!” என்று கத்தித் தாடையைப் பிடித்தார். எல்வின் பாய்ந்தோடி, “துப்புடா, துப்பு! என் கையில துப்பு!” என்றார். மைலோ துப்பினார். முழு மிளகு.

“என்னடா ஆச்சு உனக்கு?” என்றார் மைலோ. “எங்கம்மாகூட எனக்கு இப்படிக் கையை நீட்டினது இல்லடா.”

கூட்டம் கலைந்தது. யாருக்கும் பல் போகவில்லை. எல்வின் சமையலறைக்குள் வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். எதிரே தொட்டி நிறைய அழுக்குக் கோப்பைகள். ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் நிறுத்தினாள்.

“இதையா தேடுற?”

தோட்டாக் கூடு பளபளவென்று நின்றது.

“எப்ப... எப்பக் கிடைச்சது?”

“நேத்தே. நீ போன உடனே. அடுப்புக் கதவு இடுக்குல கிடந்தது. அந்த ட்ரேயை ரெண்டு தரம் தேச்சுக் கழுவினேன்.”

“அப்ப இன்னைக்குப் பூரா நான் தேடினது?”

“பார்த்துட்டுதான் இருந்தேன். இவ்வளவு நல்லாக் கிழங்கு மசிச்சு இந்த சர்ச்ல யாரும் பார்த்ததில்லை.”

“துப்பாக்கி?” என்றார்.

“என் கிச்சன்னுதான் சொன்னேன். இது கடவுளோட கிச்சன். அவர் வேணா வித்துக்கட்டும்.”

எல்வினுக்கு உயிர் வந்தது. ஆனால் ஆர்டிஸ் நகரவில்லை. கூட்டை எடுத்து, அவர் பிடிப்பது போலவே விளக்குக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“மூலை முடுக்கெல்லாம் எவ்வளவு அழகாத் தேச்சிருக்க. எல்வின், கல்யாணமான நாள்லேர்ந்து என் கோப்பை ஒண்ணையாவது இப்படிக் கழுவியிருக்கியா?”

எல்வின் யோசித்தார். நேற்றே பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மனுஷன். ஒரே ஒரு கோப்பையாவது நினைவுக்கு வராதா என்று வருஷம் வருஷமாகப் பின்னால் போய்த் தேடினார். அதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். முதல் கோப்பையைத் தேய்த்து, அலசி, பழக்க தோஷத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

“கோப்பைக்கு அடியில ஓட்டை இருக்காதுடா!” என்று வாசலிலிருந்து மைலோ கத்தினார்.

ஆர்டிஸ் அதை வாங்கிப் பார்த்தாள். “விளிம்புல லிப்ஸ்டிக் இருக்கு. திரும்பக் கழுவு” என்றாள்.

எல்வின் திரும்பக் கழுவினார். அன்றிலிருந்து வீட்டுக் கோப்பைகளும் அவர் பொறுப்புதான். அந்தக் கூடு மட்டும் திரும்பி வரவில்லை. ஆர்டிஸ் அதைத் தன் சமையலறை ஜன்னலில் நிறுத்திவைத்திருக்கிறாள். தினமும் கோப்பை கழுவும்போது அது அவர் கண்ணெதிரே நிற்கிறது. பெட்டியில் ஒரு குழி காலியாகவே இருக்கிறது. கேட்டு வாங்கிவிடலாம்தான். ஆனால் கேட்டால், தன் கிச்சனில் ஒரு தோட்டாக் கூடு இருப்பதை அவள் பார்த்துவிடுவாளே!