சிவந்துபோன கிளே பார்

துபாயிலிருந்து வந்த மச்சினன் சோப்புக்கட்டி மாதிரி ஒன்றைக் கொடுத்து, ‘கிளே பார்’, அதாவது களிமண் கட்டி என்றான். கழுவிய பின்னும் கார் பெயிண்டில் ஒட்டியிருக்கும் அழுக்கை அது உருவி எடுக்குமாம். வைகை அணை வற்றினால் லாரி லாரியாகக் கிடைக்கும் களிமண்ணை விமானத்தில் ஏற்றி வந்திருந்தான் அந்த மேதாவி.

அதை நம்பிய நான் அவனுக்கும் மேலே. ஆண்டிபட்டியிலிருந்து மாமனார் ஓட்டிவந்த சிவப்புக் கார் எங்கள் தேனி வீட்டு வாசலில் நின்றது. பெண்டாட்டிக்கு அடுத்தபடியாகப் பிரியமானது என்று அவர் சொல்வதில்லை, முதல் பிரியமே அந்தக் கார்தான். அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் பானெட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். திருப்பிப் பார்த்தால் களிமண்ணில் தேய்த்த பக்கம் முழுக்கச் சிவப்பு.

பெயிண்டே உரிந்து வந்துவிட்டது! மூளை என்று ஒன்று இருந்திருந்தால் ஓடியிருப்பேன். நானோ வேட்டியை அவிழ்த்துப் பானெட்டின் மேல் போர்த்திவிட்டு டிராயரோடு நின்றேன்.

மாமனார் எழுந்து வந்தார். “என்ன மாப்ள, வண்டிக்கு வேட்டி கட்டிருக்கீக?”

“வெயிலு மாமா. பெயிண்டு வெளுத்துரும்.”

அவர் பின்னாலேயே வந்த என் மனைவி என் கையிலிருந்த களிமண்ணைப் பிடுங்கி, சிவப்புப் படாத மறுபக்கத்தால் என் வெள்ளை ஸ்கூட்டரைத் தேய்த்தாள். அந்தப் பக்கமும் சிவந்துபோனது.

“பெயிண்டு இல்லப்பா, ரோட்டுச் செம்மண்ணு. பெயிண்டு உரிஞ்சிருச்சுன்னு பயந்துதான் இந்தக் கூத்து.”

மாமனார் வேட்டியை விலக்கிப் பானெட்டைத் தடவினார். வழவழவென்று இருந்தது. பாராட்டுவார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் மகளிடம் திரும்பினார்.

“களிமண்ண வச்சுச் செம்மண்ண எடுத்திருக்காக. வேட்டியக் கட்டிக்கிட்டு மிச்ச வண்டியவும் தேய்க்கச் சொல்லு, ஆத்தா.”