ஆட்டோ டாப்பில் தைத்த கோட்டு

பூந்தமல்லி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில், ஆட்டோவுக்கு டாப்பும் சீட்டும் தைக்கிற கடை நாகவல்லியுடையது. அந்த வேலையில் பெண்கள் அரிது. அம்பத்தூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் சட்டைக் காலர் மட்டுமே தைத்துச் சலித்துப்போனவள், கனத்த ரெக்சினைத் தைக்கும் பழைய மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தைத்த டாப் ஒழுகாது என்று ஆவடியிலிருந்துகூட ஆட்டோக்காரர்கள் தேடி வருவார்கள்.

போன ஐப்பசியில் கிருஷ்ணப்பிரியா கடைக்கு வந்தாள். சென்னீர்குப்பம் அடுக்குமாடியில் குடியிருக்கிற ஐ.டி. பெண், விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கத்தைச் சுற்றிக் காட்டுகிறவள். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு ஃபேஷன் ஷோ நடத்தப்போகிறாளாம். தூக்கிப்போட்ட துணியில் தைத்த உடுப்புகள்தான் மேடையேறும். பார்க்க வருகிறவர்கள் கார் எடுக்காமல் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் வரவேண்டும். சாப்பாடு உள்ளூர்ச் சமையல், வாழையிலையில்.

"அக்கா, பழைய ஆட்டோ டாப்புல ஒரு கோட்டு தைச்சுத் தருவீங்களா?"

"இன்னாம்மா, வெளாடறியா? ஆட்டோவுக்குப் போட்டத மனுசங்க மேல மாட்டச் சொல்ற?"

"போட்டுக்கப்போறது ரோஷினி, எங்க ஆபீஸ் பொண்ணு. அவ எப்பவோ சரின்னுட்டா."

நாகவல்லி சிரித்துவிட்டு அளவு டேப்பை எடுத்தாள். முதலில் தைத்தது அட்டைப்பெட்டி மாதிரி விறைத்து நின்றது. நான்கு தடவை பிரித்தாள். கடைசியில் உள்ளே பழைய நூல் புடவையை வைத்துத் தைத்ததும், மஞ்சள் ரெக்சின் ரோஷினியின் தோளில் பாந்தமாக உட்கார்ந்தது.

ஷோ அன்று மூன்றாவது ஆள் நடந்துகொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. பார்வையாளர்கள் ஓரத்துக் கொட்டகைக்கு ஓடினார்கள். பாட்டு நின்றது. மேடைக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த ரோஷினி தயங்கினாள்.

"நீ பாட்டுக்கு நட கண்ணு," என்றாள் நாகவல்லி. "ஒரு சொட்டு உள்ள எறங்காது. நான் சொல்றேன்ல."

பாட்டில்லாமலே ரோஷினி நடந்தாள். மழை அந்த மஞ்சள் மேல் விழுந்து முத்து முத்தாய் உருண்டோடியது. மேடை நுனிக்குப் போய்க் கோட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே சட்டை காய்ந்தே இருந்தது. கொட்டகையிலிருந்து விசில் பறந்தது. கிருஷ்ணப்பிரியா ஓடிவந்து நாகவல்லியின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள். கோட்டு தைத்தவள் தலை முதல் கால்வரை தொப்பலாக நனைந்து, இத்தனை பேர் தனக்காகக் கை தட்டுகிறார்களே என்று கூச்சம் தாங்காமல் சிரித்தபடி நின்றாள்.

பந்தியில் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கிஷோரும் அவன் மனைவி லாவண்யாவும் நாகவல்லிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அன்று மாலையே ஊர் திரும்பவேண்டியவர்கள். அவள் கடையைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். நாகவல்லி தன் பக்கத்து வீட்டு மாடி அறையை அவர்கள் தங்குவதற்குப் பேசிவிட்டாள்.

அப்படித் தொடங்கியதுதான். இப்போது ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். கிருஷ்ணப்பிரியா ஏரியைக் காட்டி, இட்லிக் கடையில் சாப்பிடவைத்து, அங்கிருந்து நடக்கவைத்தே கடைக்குக் கூட்டிவருகிறாள். துண்டு ரெக்சினில் நாகவல்லி தைத்த பைகள் வாசலில் தொங்குகின்றன.

பொங்கலுக்கு லாவண்யா மறுபடி வந்தாள். தானும் ஒரு பை தைப்பேன் என்று அடம்பிடித்தாள். நாகவல்லி எழுந்து இடம் கொடுத்தாள். பெடலை ஒரே மிதி. மெஷின் குதிரை மாதிரிப் பாய்ந்து, ஊசி படக்கென்று உடைந்தது.

"அய்யோ, சாரிக்கா."

"உடு, ஊசிதான. நான் மொத நாள் மூணு ஒட்ச்சேன்," என்று நாகவல்லி புது ஊசியை மாட்டினாள். "இப்ப மெதுவா மிதி, பாக்கலாம்."