தங்கச்சியின் கராத்தே பேன்ட்

எனக்கு இடுப்பில் சாரம் நிற்காது. லுங்கியைத்தான் எங்கள் பக்கம் சாரம் என்போம். சங்கரன்கோவிலில் பிறந்து, முப்பத்திரண்டு வயதாகியும் ஒரு சாரத்தை ஒழுங்காகக் கட்டத் தெரியாத ஆண்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் அதை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள், சண்டைக்குக்கூடப் போகிறார்கள். எனக்குப் பத்து நிமிடம்தான் தாங்கும். பெல்ட் போட்டுப் பார்த்தேன். பெல்ட் இடுப்பில் நின்றது, சாரம் தரையில் கிடந்தது.

அலுவலகத்துக்குப் பேன்ட் போட்டுப் போகிறவன் என்பதால் வேலை நேரத்தில் மானம் தப்பியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. ஒருநாள் சனிக்கிழமை காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் வயதானவராக இருந்ததால் பெரிய மனதோடு, "விடுங்க அண்ணாச்சி, நான் தூக்குதேன்" என்று இரண்டு கையாலும் தூக்கினேன். சிலிண்டர் மேலே வந்தது, சாரம் கீழே போனது. அண்ணாச்சி தங்கமான மனிதர். வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு வெயிலு சாஸ்தியாத்தான் இருக்கும் போல" என்றார்.

அன்றைக்கே பீரோவைக் குடைந்து, அடித்தட்டில் கிடந்த வெள்ளைப் பேன்ட்டை எடுத்தேன். அது என் தங்கையுடையது. நாலு வயது சின்னவள் அவள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் புதுச் சீருடை வாங்கும்போது அம்மா, "வளருத பிள்ள, கொஞ்சம் பெருசாவே குடுங்க" என்று சொல்லி, எனக்கே தாராளமாக இருக்கும் அளவில் வாங்கிவிட்டாள். தங்கை அதைக் காலில் மூன்று மடிப்பு மடித்துத்தான் போட்டாள். மடித்துக்கொண்டே பிரவுன் பெல்ட் வரைக்கும் போனாள். கறுப்பு பெல்ட்டுக்கு ஒரே படி பாக்கி. அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. "பரீச்சைக்குப் பொறவு போலாம்" என்றாள் அம்மா. பரீட்சை முடிந்த பிறகு, பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று ஆகிவிட்டது.

வாசுதேவநல்லூரிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, அம்மா சான்றிதழையும் பெல்ட்டையும் பேன்ட்டையும் சேர்த்துப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினாள். "அடிக்கிற பிள்ளைன்னு நெனச்சிருவாவ. கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லிக்கலாம்" என்றாள். கல்யாணம் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் யாரும் சொல்லவில்லை. தங்கையும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

பேன்ட் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இடுப்பில் நாடா. இழுத்து முடிந்தால் சிலிண்டர் என்ன, அம்மியையே தூக்கலாம். கால் இரண்டிலும் காற்று தாராளமாகப் போய் வந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அதைவிடச் சுகமான துணி இன்னும் வரவில்லை. முதலில் வீட்டுக்குள் போட்டேன். பிறகு வாசலுக்குப் போட்டேன். பிறகு பால் வாங்க, பூ வாங்க, டீக்கடைக்கு என்று துணிந்துவிட்டேன்.

டீக்கடை அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். "தம்பி, கராத்தே மாஸ்டரா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. ஒரே மாதத்தில் தெருவில் நான் 'கராத்தே' ஆகிவிட்டேன். பைக் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கறிவேப்பிலை வாங்கப் போனவன், அந்தப் பக்கமாக நடந்தேன். "விடு வே, கராத்தே வாராரு" என்று ஒருவர் சொல்ல, இருவரும் சட்டையை விட்டுவிட்டு எனக்கு வணக்கம் வைத்தார்கள். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் தலையசைத்தேன். தோள்பட்டை பிசகியவர்கள் என்னிடம் வந்து தோளைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்தேன். நம்பாதது எங்கள் தெரு நாய் ஒன்றுதான். பேன்ட்டைப் பார்த்தாலே கடிக்க வந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, மிகவும் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒருவரும் எனக்கு வழிவிட்டதில்லை.

அப்புறம்தான் சங்கடம் வந்தது. தங்கை மாப்பிள்ளை எலுமிச்சம்பழ வியாபாரமாகச் சங்கரன்கோவில் வந்தவர், அதே டீக்கடையில் என் கீர்த்தியைக் கேட்டுவிட்டார். அன்று சாயங்காலமே போன் செய்தார். "மச்சான், பிரவுன் பெல்ட்டாம்லா! ஒரு வார்த்த சொல்லலியே! எங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்!" பிரவுன் பெல்ட் கதையை டீக்கடைக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். ஒருநாள் வாய் தவறிவிட்டது.

"தங்கச்சி என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மச்சான். சோறு போட்டுக்கிட்டு இருக்கா."

எங்கள் வீட்டில் யாருக்குக் கராத்தே தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவளால் சொல்ல முடியாது என்றும் எனக்குத் தெரியும். அவள் தட்டில் சோறு வைத்துக்கொண்டே, அவள் பெற்ற பெல்ட்டுக்காக அவள் புருஷன் என்னைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் பால் வாங்க அதே பேன்ட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். என் புத்தி அப்படி.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மலையடியில் அவர்கள் குலசாமி கோவில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான். சம்பந்தி வீட்டில் எனக்குப் பட்டுவேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். தொட்டாலே வழுக்கியது. சாரமே நிற்காத இடுப்பில் பட்டு எப்படி நிற்கும்? மானத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்று, உள்ளே கராத்தே பேன்ட்டைப் போட்டு, முழங்கால் வரை சுருட்டிவிட்டு, அதன்மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மருமகளை மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்துதான் அந்தப் பலமோ, கத்திக்கொண்டே என் வயிற்றில் உதைத்துத் திமிறி, பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்த பக்கமாக ஓடிவிட்டது. நான் பதறி எழுந்து ஓடி, இரண்டு கையாலும் அவளை அள்ளித் தூக்கினேன்.

வேட்டி பாயிலேயே இருந்தது. சுருட்டி வைத்திருந்த பேன்ட் இறங்கிக் கணுக்கால் வரைக்கும் விரிந்துவிட்டது. தங்கையின் மாமியாரான சம்பந்தி அத்தை சத்தமாகச் சிரித்தாள்.

"மாஸ்டர்லா! காதுகுத்துக்கும் அதே உடுப்புலதான் வந்திருக்காவ! தம்பி, ஒரு அடி அடிச்சுக் காட்டுங்களேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை தட்டவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை துவைத்தும் போகாத மூன்று மடிப்புக் கோடுகள் அங்கே இருந்தன.

"இது என் பேன்ட் இல்ல அத்தை" என்றேன். "உங்க மருமவ பேன்ட்டு. பிரவுன் பெல்ட் வாங்குனது அவ. எனக்கு ஒரு சாரம் கட்டத் தெரியாது, அதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

அம்மா பின்னாலிருந்து, "ஏலே!" என்று பல்லைக் கடித்தது கேட்டது. சம்பந்தி அத்தை தங்கையிடம் திரும்பினாள்.

"நெசமாவா ட்டி?"

"ஆமா அத்தை."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதான பாத்தேன். நெல்லு மூட்டைய ஒத்தையில பொரட்டும்போதே நெனச்சேன், இது வெறுஞ்சோறு தின்ன ஒடம்பு இல்லன்னு." அவ்வளவுதான். ஐந்து வருடம் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தது அவ்வளவுதான். அம்மா தாம்பாளத்தை எதற்கென்று தெரியாமல் துடைக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது காது பாக்கி இருந்தது. மருமகள் என் மடியில் வாழைத்தண்டுபோல விறைத்துக்கொண்டு அலறினாள். தங்கை சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் எதிரே வந்து நின்றாள். முழங்காலை மடக்கி, இரண்டு முஷ்டியையும் இடுப்புக்கு இழுத்து, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்து ஒரு குத்து விட்டாள். மரத்தில் இருந்த காக்காய்கள் பறந்தன. பிள்ளை வாயைப் பிளந்து தன் அம்மாவையே பார்த்தது. ஆசாரி காதைக் குத்தி முடித்துவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அவள் கால் சேலை விட்ட அளவுக்குத்தான் விரிந்தது.

விருந்து முடிந்து கிளம்பும்போது அவள் என்னிடம் வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"குடுத்துரு."

"இங்கனயா ட்டி?"

"வீட்டுக்குப் போயி தொவச்சுக் குடு. ஊரு பூரா நீதான் கராத்தேன்னு சொன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன். தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெல்ட்டோடும் சான்றிதழோடும் வாசுதேவநல்லூரில் கொடுத்துவிட்டு வந்தேன். இஸ்திரிக்காரரிடம், "அந்த மூணு கோட்டை மட்டும் தேய்க்காதீங்க" என்று சொல்லியிருந்தேன். தேய்த்தாலும் போகாது என்றார் அவர்.

மறுநாள் டீக்கடைக்குச் சாரத்தோடு போனேன். "என்ன மாஸ்டர், உடுப்பு எங்க?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"மாஸ்டர் வாசுதேவநல்லூர்ல இருக்கா அண்ணாச்சி. நான் அவ அண்ணன்" என்றேன். அன்றிலிருந்து யாரும் எனக்கு வழிவிடுவதில்லை. நாய் மட்டும் சமாதானமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். மூச்சு வாங்கியது. களத்தில் மகளை உட்காரவைத்துவிட்டுக் கராத்தே பழகிக்கொண்டிருந்தாளாம். அத்தை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

"அண்ணே, அந்தப் பேன்ட்டு இருக்குல்லா?"

"என்ன ட்டி, கிழிஞ்சிருக்கா?"

"இல்லண்ணே. இப்ப ரெண்டு மடிப்புதான் மடிச்சிருக்கேன். மூணாவது வேண்டியதில்ல."

ஒரு கை போனைப் பிடித்திருந்தது. ஒரு கை சாரத்தைப் பிடித்திருந்தது. கண்ணைத் துடைக்க, வாசலில் நின்றுகொண்டே சாரத்தை விட்டேன்.