வெள்ளிக்கிழமைப் பாடம்

அனுஜா மறுபடியும் புத்தக ஓரத்தில் எழுதுகிறாள். இடப்பக்க ஓரத்தில், "ஏழு நிமிடம். சோடியாக வாசிக்கவிடலாம்." அதே பந்திக்கு நேரே வலப்பக்கத்தில், "ஐயோ, போகாதேயடி!" இடப்பக்கம் கல்வியியல் படிக்கிற அனுஜாவுக்கு, வலப்பக்கம் ஆங்கில இலக்கியம் படிக்கிற அனுஜாவுக்கு. ஆள் ஒன்றுதான். ஆனாலும் ஒருத்தியின் காணிக்குள் மற்றவள் கால் வைப்பதில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து சொந்த ஊரான உடப்புக்கு வந்தால் குசினிதான் அவளுக்கு வாசிகசாலை. எதிரே மீன் வெட்டிக்கொண்டிருக்கும் தாய் பூமணி சும்மா இருக்கமாட்டாள்.

"ஒரு படிப்பப் படிக்கவே சனத்துக்கு நாக்குத் தள்ளுது. இவ ரெண்டக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறா."

"ரெண்டும் சேந்தாத்தான் அம்மா பட்டம்."

"ஓம், ஓம், சேரட்டும். அதுக்குள்ள கறிய அடிப்பிடிக்க விட்டிடாத."

கறி அடிப்பிடிக்காது. எந்தக் கறிக்கு எத்தனை நிமிடம் என்பதும் எங்கோ ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். கலியாண வீட்டுக்குப் போனாலும் தாலி கட்ட எத்தனை நிமிடம் பிந்தியது என்று சொல்லக்கூடிய பிள்ளை இது. அப்படிப்பட்டவள்தான் நேரத்தில் கோட்டை விட்டாள்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவள் இப்போது இறுதியாண்டு. கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது புத்தளத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலை. திங்கள் முதல் வியாழன் வரை அங்கே பாடம். வெள்ளி அறிக்கை எழுதும் நாள், போவதில்லை. கடைசி மேற்பார்வைப் பாடம் புதன்கிழமை என்றிருந்தது. அதில் சறுக்கினால் பயிற்சி முழுவதையும் அடுத்த வருடம் திரும்பச் செய்யவேண்டும், பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதை வந்து பார்த்துப் புள்ளி போடவேண்டிய விரிவுரையாளர் நிக்கொலஸ் சேருக்கு வேறு வேலை வந்து, பாடத்தை வெள்ளிக்கு மாற்றிவிட்டார்.

ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளியில் பாடசாலை நேரத்தோடு விடும் என்பது அவளுக்குத் தெரியும். கடைசி இரண்டு பாடங்களை வெட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். எல்லாப் பாடத்தையும் முப்பது நிமிடமாகச் சுருக்குவார்கள் என்று உடப்புப் பிள்ளை கண்டாளா? நாற்பது நிமிடத்துக்கு அச்சொட்டாகப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு தரம் ஒன்பதுக்குள் போனாள்.

பாடம் ஓர் ஆங்கிலச் சிறுகதை. வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்த ஒரு பெண் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். கையில் தாயின் கடிதம், இன்னும் பிரிக்கவில்லை. வாசித்து, விளக்கி, பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கிற நேரம் பார்த்து மணி அடித்தது.

"என்ன, பெல்லப் பிழையா அடிச்சிட்டாங்களா?" என்றார் பின்வரிசையிலிருந்த நிக்கொலஸ் சேர். சிலாபத்து மனிதர், அவருக்கும் தெரியாது.

"இல்ல சேர், இன்டைக்கி வெள்ளிக்கெழம!" என்று வகுப்பே சொன்னது.

அனுஜா பாடக்குறிப்பைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று பார்க்கும் மதிப்பீடு பாக்கி. மதிப்பீடு இல்லாத பாடம் பாடமே இல்லை என்று நாலு வருடமாகப் படித்தவள். வாசலில் அடுத்த ஆசிரியை வந்து நின்றுவிட்டார். பாடக்குறிப்பை மூடினாள். எழும்புகிற பிள்ளைகளைப் பார்த்து, வாய்க்கு வந்ததை ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவள் அந்தக் கடிதத்தைப் பிரிப்பாளா?"

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த ஜுனைதா நிமிர்ந்தாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "பிரிக்கமாட்டாள் மிஸ். பிரித்தால் வீட்டுக்குப் போகவேண்டி வரும்" என்றாள்.

"போடி, பிரிக்காட்டி ஏன் வெச்சிக்கிட்டு நிக்கிறா?" என்று ஒருவன் தமிழில் பாய்ந்தான். பிறகு கேட்கவா வேண்டும்! ஆங்கிலம் பாதி, தமிழ் பாதியாக வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. அடுத்த ஆசிரியை உள்ளே வந்த பிறகும் அடங்கவில்லை.

வராந்தாவில் நிக்கொலஸ் சேர் பேனையை மூடினார். "நேர முகாமைத்துவத்தில புள்ளி குறைச்சிருக்கிறன். மதிப்பீட்டில குறைக்க ஒண்டும் இல்ல. பயப்படாதீங்க, நீங்க பாஸ்."

அப்பாடா! இரண்டு கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஆறுதலாக முகம் கழுவினாள். பாடசாலை விட்டபின் சந்தியில் போய் நின்றாள். வெயில் கொளுத்தியது, பசி வேறு. பள்ளிவாசலுக்குச் சனம் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்!" ஜுனைதா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "நான் சொன்னது பிழ மிஸ். அவ பிரிப்பா. இப்ப இல்ல, கொஞ்ச நாள் போய்."

உடப்புப் பக்கம் போகிற சிலாபம் பஸ் வந்து உரசிக்கொண்டு நின்றது. அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. "மிஸ், ஏறுங்க, ஏறுங்க!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"ஏன் கொஞ்ச நாள் போய்?" என்று ஜுனைதாவைக் கேட்ட அனுஜா, பஸ் பக்கம் திரும்பாமலே, போ என்று கையை அசைத்தாள்.