மாமா கட்டிய கொடி

அந்த ஜனவரி முழுக்க மழை. குடியரசு தினத்தன்று மட்டும், கடல் தாண்டி வந்த நம்மவர்கள் கூடும் தேக்காவின் மேல் வானம் துவைத்து உலர்த்திய சேலை மாதிரி விரிந்து கிடந்தது. இந்தியாவின் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் என்று சங்கத்து முற்றத்தில் வருடந்தோறும் விழா எடுப்பார்கள். எனக்கு ஒன்பது வயது. அரசமைப்பு என்றால் என்னவென்று தெரியாது. விழா முடிந்ததும் கேசரி உண்டு என்று தெரியும்.

முன்னால் நாற்காலிகளில் டை கட்டியவர்கள். பின்சுவரோரம், நின்றபடி, கப்பல் பட்டறைத் தொழிலாளிகள். அவர்களில் ஒருவர் என் தாய்மாமா. டன் கணக்கான இரும்பைக் கயிறு கட்டித் தூக்கிவிடுவதுதான் அவர் வேலை. பல வருடம் கெஞ்சி, அந்த முறைதான் அவர்களுக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது: கொடி கட்டுவது. குடியரசு தினத்தில் கொடி கீழேயிருந்து ஏறாது. பூவிதழ் வைத்து மடித்து, முதலிலேயே உச்சியில் கட்டியிருக்கும். விருந்தினர் கயிற்றை இழுத்தால் விரிய வேண்டும்.

எல்லாரும் சமம் என்று சொல்லும் முகப்புரையைச் செயலாளர் உருகி உருகி வாசித்தார். விருந்தினர் இழுத்தார். விரியவில்லை. மறுபடி இழுத்தார். கொடி கூட்டுப்புழுவாட்டம் சுருண்டே கிடந்தது.

"என்னய்யா முடிச்சு இது?" செயலாளர் பாய்ந்தார். "உங்காளுங்ககிட்ட கொடுத்தா இப்படித்தான். இனிமே ஒண்ணும் கிடையாது!"

"பட்டறை முடிச்சு சார். கீழேருந்து இழுத்தா இறுகும், மேலேருந்து தொட்டா அவிழும்," என்றார் மாமா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"டேய், விழுந்து வைக்காதடா!" என்று அம்மா அலறினாள்.

"சும்மா இரு லா அக்கா."

ஏறினார். வழவழக்கும் கம்பத்தில், வெயிலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் போல ஏறினார். சுவரோரம் நின்றவர்கள் நாற்காலிகளைத் தாண்டி முன்னால் ஓடிவந்தார்கள். "ஏறுண்ணே, ஏறு!" டை கட்டியவர்களும் எழுந்து அண்ணாந்தார்கள். உச்சியில் ஒரே ஒரு விரல் சொடுக்கு. மூவண்ணம் படாரென்று விரிந்தது! இதழ்கள் யார் தலை என்று பாராமல் எல்லார் மேலும் கொட்டின. முற்றமே அதிர்ந்தது. இறங்கிவந்த மாமாவின் கையைப் பிடித்து விருந்தினர் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். கூட வந்தவர்களும் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எழுப்ப யாருக்கும் வாய் வரவில்லை.

மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம் மாமா, ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே. என் ஷூ லேஸை அவிழ்த்து, இழுத்ததும் பிரிகிற முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணைச் சுருக்கி, ரொம்பக் கவனமாகக் கற்றுக்கொண்டார். இரண்டு தடவை தப்பாகக்கூடப் போட்டார்.